சுடாத தார் றோட்டு

சீதேவி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. பூவரசங் கொப்புகளைப் பிடிபிடியாகச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, கொட்டிலின் குறுக்குத் தடியில் ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டாள். நிலத்தில் போட்டால் மிதித்துவிடும், பிறகு தின்னாது. தண்ணீர் வைக்கும்படி பக்கத்து வளவில் சொல்லியிருந்தாள். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு றோட்டில் இறங்கினாள். செருப்புப் போடவில்லை.

நாரந்தனையிலிருந்து நயினாதீவு அம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போவதாக நேர்த்தி. வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை நடை, அதற்கப்பால் வள்ளம். ஆனி மாதம், திருவிழாக் காலம்.

நேர்த்தி வைத்தது படுக்கையில் விழக்கூடாது என்பதற்காக. தாய் பாரிசவாதத்தில் விழுந்து வருடக்கணக்காகக் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியதும், பக்கம் புரட்டியதும், முதுகுப் புண் கழுவியதும் சீதேவி ஒருத்திதான். அண்ணன்மார் கனடாவிலிருந்து காசு அனுப்பினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு ஆளைப் புரட்டாது. கலியாணம் கட்டாத தனக்கு அப்படியொரு காலம் வந்தால் யார் புரட்டுவது என்று அவள் கன நாள் யோசித்தாள். ஒரு பெயரும் வரவில்லை. "நடமாட்டத்தோடை இருக்கேக்கையே என்னை எடுத்துப்போடு, தாயே" என்று கேட்டுவிட்டாள்.

அவளுக்குச் சீனி வருத்தமும் இருந்தது, நீரிழிவு. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் ஒரே கதைதான் சொல்வார்கள். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். அவள் "ஓம்" என்று சொல்லிவிட்டுக் குளிசையை வாங்கிக்கொண்டு வருவாள். முழங்கால் மடியாது. தன் உள்ளங்காலைத் தான் கண்டு எத்தனையோ காலம். வீட்டில் யாராவது என்றால் அது ஆடுதான்.

வேலணை வரை நடை சுகமாக இருந்தது. சோளகக் காற்று பனைகளை உலுப்பியது. ஒரு கடையில் பாணும் சம்பலும் தின்று குளிசை போட்டாள். கடைக்காரன் மிச்சக் காசைத் தந்தான், வேறொன்றும் பேசவில்லை. அவளுக்கு அது பழக்கம். சில நாட்களில் வீட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் மீன்காரனுடையதாக இருக்கும். அதுவும் படலைக்கு வெளியில்.

புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கறுப்பு றோட்டு. ஒதுங்க ஒரு பற்றையும் இல்லை. காற்று பலமாக அடித்தது. ஆனால் அது வெக்கையைக் கொண்டுபோகவில்லை, முகத்தில் கொண்டுவந்து அப்பியது. தார் இளகிப் பளபளத்தது.

முன்னால் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. வேலணைக் கிருசாந்தியும் புருசன் ஜெகதீஸும் மாமியாரும், கூட நாலைந்து பெண்களும். அவர்களும் வெறுங்கால்தான். றோட்டோரத்து மண்ணுக்குத் தாவுவதும், முள்ளுக் குத்த மறுபடி தாருக்கு வருவதும், போத்தல் தண்ணீரைக் காலில் ஊற்றுவதுமாகத் துள்ளிக்கொண்டு போனார்கள். சீதேவி றோட்டின் நடுவால் நிதானமாக நடந்து அவர்களை எட்டினாள்.

"அன்ரி, உங்களுக்குச் சுடேல்லையோ?" என்று கிருசாந்தி கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

பொய் இல்லை. பஞ்சில் நடக்கிற மாதிரி இருந்தது.

மாமியார் நின்றுவிட்டாள். சீதேவியின் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கை கூப்பினாள். "இந்த மனிசியோடை அம்மாள் நடக்கிறா" என்றாள்.

"எனக்கு நல்லாச் சுடுகுது. அப்ப என்னை அம்மாள் கைவிட்டிட்டாவோ?" என்றான் ஜெகதீஸ்.

"நேற்றும் ஒளிச்சு மீன் திண்டனீங்களெல்லே. வேறை என்ன நடக்கும்?" என்றாள் பெண்சாதி.

எல்லோரும் சிரித்தார்கள். சீதேவியும் சிரித்தாள். அதன் பிறகு அவளை முன்னால் விட்டுத்தான் நடந்தார்கள். ஒருத்தி குடை பிடித்தாள். இன்னொருத்தி சர்பத் கொடுத்தாள். ஊர் கேட்டார்கள், பெயர் கேட்டார்கள், எந்த வயதில் நேர்த்தி தொடங்கியது என்று கேட்டார்கள். மாமியார் அவள் தோளில் கை வைத்தபடியே வந்தாள். சீதேவியின் தோளில் ஒருவர் கை வைத்து எவ்வளவு காலமோ. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கையை எடுக்கட்டும் என்று அவள் நினைக்கவில்லை.

புங்குடுதீவுக்குள் மற்றவர்கள் இரண்டு இடத்தில் மர நிழலில் குந்தினார்கள். அவள் குந்தவில்லை. இருந்தால் அந்த அருள் இறங்கிப் போய்விடும் என்று பயந்தாள். நின்றபடியே காத்திருந்தாள். பிறகு முன்னால் நடந்தாள்.

குறிகட்டுவானை அண்டியபோது தண்ணீர்ப்பந்தல் வந்தது. தகரக் கூரை, குந்த வாங்குகள், சீமெந்துத் தரை. மோர் வார்த்துக்கொண்டிருந்தவள் ஊர்காவற்றுறை மேரிசுகந்தி. ஆஸ்பத்திரியில் விடுதி உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கிறிஸ்தவ வேதக்காரியென்றாலும் வருடா வருடம் இந்தப் பந்தலுக்கு வருவாள். தரையில் புழுதிக் காலடிகள் நிறைய இருந்தன. ஒருத்தியின் காலடி மட்டும் ஈரமாக, ஊன்நீரும் இரத்தமும் கலந்து கிடந்ததை அவள்தான் கண்டாள். அகப்பையை வைத்துவிட்டு வந்தாள்.

"இதிலை இரும். காலைத் தாரும்."

சீதேவி மறுத்தாள். பிறத்தி ஆளின் கையில் காலைக் கொடுப்பதா? அதற்குள் மேரிசுகந்தி அவளை வாங்கில் இருத்தி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துவிட்டாள். உள்ளங்காலின் தோல் பாதிக்கு மேல் கழன்று குதிக்காலில் சுருண்டிருந்தது. சதையில் தார் ஒட்டியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே போத்தல் துண்டொன்று ஏறியிருந்தது. மற்றக் கால் இவ்வளவு மோசமில்லை, கொப்புளம் போட்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற கிருசாந்தி வாயைப் பொத்தினாள். மாமியார் தோளிலிருந்த கையை எடுத்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"அதுதான் எனக்குப் பயம். சீனி வருத்தமோ?"

"ஓம்."

மேரிசுகந்தி காலுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். சீதேவி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, அம்மாள் இல்லையோ?"

"அது எனக்குத் தெரியாது. உம்மடை கால் உணர்ச்சி செத்துப்போச்சு. அது தெரியும்."

துறை கண்ணுக்குத் தெரியுது, ஏறி இருந்தால் வள்ளம் கொண்டுபோய் விடும், கும்பிட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சீதேவி கெஞ்சினாள். மேரிசுகந்தி சுத்தமான துணியால் காலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் காலோடை கோயில் வீதியிலை இறங்கினால் காலைத்தான் எடுக்க வேண்டி வரும். பிறகு நீர் படுக்கைதான். விருப்பமோ?"

நேர்த்தியைப் பற்றி மேரிசுகந்திக்கு ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். ஓட்டோ கூப்பிடச் சீதேவி சம்மதித்தாள்.

குடும்பத்துக்கு வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது. கூட வரவோ என்று ஜெகதீஸ் கேட்டான். தேவையில்லை என்று மேரிசுகந்தி சொன்னாள். அம்மாளுக்கு உங்கள் பெயரில் அருச்சனை செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போன கிருசாந்தி பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"பேர் என்ன சொன்னனீங்கள், அன்ரி?"

சீதேவி மறுபடி சொன்னாள்.

ஓட்டோ திரும்பும்போது கடலுக்கு அப்பால் கோபுரம் தெரிந்தது. சீதேவி அதைக் கண்டாள். கை கூப்பவில்லை. முன்னால் இருந்த ஓட்டோக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தாரைக் கழுவி, கண்ணாடியை எடுத்து, இரண்டு காலுக்கும் மருந்து கட்டினார்கள். கன நாள் விடுதியில் இருக்க வேண்டும், கால் தப்பும், பெருவிரலைப் பற்றி இப்போது சொல்ல ஏலாது என்றார் டொக்டர். வீட்டுக்குப் போன பிறகு நாள்தோறும் காலைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்.

வழக்கமான "ஓம்" இதற்குச் சரிவராது.

"ஒருத்தரும் இல்லை" என்றாள் சீதேவி. அதை அவள் வாயால் சொன்னது அன்றுதான்.

கூட வந்திருந்த மேரிசுகந்தி அவளுடைய கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அண்ணன் மகன் அனுப்பியது. கனடாவிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதற்கு மட்டும் பாவித்த போன். மேரிசுகந்தி அதில் தன் இலக்கத்தைப் போட்டாள். படம் எடுப்பதையும் அனுப்புவதையும் காட்டிக் கொடுத்தாள்.

"காலமை மருந்து கட்ட முன்னம் எடுத்து எனக்கு அனுப்பும். வீட்டை போனாப் பிறகும் ஒவ்வொரு நாளும் வேணும். குனிய ஏலாட்டில் போனைக் கீழை பிடிச்சு எடும்."

"காலைப் போய் உங்களுக்கு எப்பிடி அனுப்புறது?"

"விடுதியிலை நான் இவ்வளவு காலமும் கழுவினது ஆக்களின்ரை முகத்தையே?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போய்விட்டாள். சீதேவி கட்டுப் போட்ட கால்களைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டில்களுக்குச் சாப்பாடு கொண்டு ஆட்கள் வந்தார்கள், இருந்து கதைத்தார்கள், போனார்கள்.

அடுத்த நாள் காலை தாதி வந்து ஒரு காலின் கட்டை அவிழ்த்தாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சீதேவி போனைக் காலுக்குக் கீழே பிடித்து அமத்தினாள். முதலில் மின்விசிறி வந்தது. பிறகு கட்டில் சட்டம் வந்தது. மூன்றாவதில் உள்ளங்கால் வந்தது, சரிந்து, பாதி வெட்டுப்பட்டு. அவள் அதைத் தன்னுடையது என்று நம்ப முடியாமல் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அனுப்பினாள்.

தாதி கையுறை போட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"தெளிவில்லை. திருப்பி எடும். மற்றக் காலும் வேணும்."

சீதேவி மற்றக் காலையும் அவிழ்க்கச் சொன்னாள்.