தம்பி என்னோட சண்டை போடாத ரெண்டு வருஷம்

எனக்கும் என் தம்பிக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம். வாய் திறந்த நாள்ல இருந்து சண்டைதான். எங்க தீவுல, ஹேடோ துறைமுகத்துல அவன் கிரேன் ஓட்டுறான், அங்கேயே குவார்ட்டர்ஸ். நான் கல்யாணமாகி பெரார்கஞ்ச் வந்தவ, அங்கன்வாடியில வேலை பாக்குறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்சதும் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்துருவான். செருப்பைக் கழட்டும்போதே குத்தம் சொல்ல ஆரம்பிப்பான். குழம்புல புளி தூக்கலா இருக்கு, பாக்கைக் காயப்போட்ட இடம் சரியில்ல, அத்தானுக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் குடுக்கக் கூடாதா. நான் சும்மா விடுற ஆளா? என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவார்.

அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் சொன்ன வருஷம் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிருச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். ஆளு பாதியாயிட்டான். கிட்னி நான் தர்றேன்னு சொன்னப்ப மட்டும் எங்க இருந்தோ தெம்பு வந்து கத்தினான். "உன் பிள்ளைகளுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? வேண்டாம்னா வேண்டாம்." ஒரு வாரம் நடந்த சண்டை அது. நான்தான் ஜெயிச்சேன்.

தீவை விட்டு மெயின்லேண்ட் போனோம். சென்னையில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒத்தை ரூம் எடுத்துத் தங்கினோம். டெஸ்டு மேல டெஸ்டு. ஒரு கமிட்டி முன்னால உக்கார வச்சு, "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. "கட்டாயப்படுத்துறதே நான்தாங்க, அவன்தான் வேண்டாங்குறான்"னேன். அந்தப் பெரிய மனுசங்களும் சிரிச்சுட்டாங்க.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே என் கிட்னி அவன் உடம்புல வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. நர்ஸ் பொண்ணு பையைத் தூக்கிக் காட்டுச்சு. மூத்திரத்தைப் பாத்துக் கும்பிட்ட குடும்பம் எங்க குடும்பமாத்தான் இருக்கும்.

அதே வார்டுல மதுரைப் பக்கத்து அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. இறந்துபோன யாரோ ஒருத்தரோட கிட்னி அவங்களுக்கு. யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். "அந்த வீட்டுல அத்தனை அழுகைக்கு நடுவுல சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களே, அவங்க நல்லா இருக்கணும். தினம் மாத்திரை போடுறப்ப நினைச்சுக்குறேன். உங்க தம்பிக்கு நன்றி சொல்ல ஆளு எதுக்கவே நிக்குது, குடுத்து வச்சவரு"ன்னாங்க. எனக்கு அன்னைக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அவன் அந்த நன்றியை இப்படி வருஷக்கணக்கா சொல்லுவான்னு யாரு கண்டா.

ஊர் திரும்பினோம். அவனும் தேறினான். முகத்துல ரத்தம் ஓடுச்சு, வேலைக்குப் போனான், மாத்திரை நேரம் தவறாம போட்டான், மாஸ்க் இல்லாம வாசல்படி தாண்ட மாட்டான். நான் தினமும் கடவுளுக்கு நன்றி சொன்னேன், அது வேற. அவன் என்னடான்னா நன்றிப் பூசை வச்சு, கோயில்ல அத்தனை பேரு முன்னாலயும் என்னை எழும்பி நிக்கச் சொன்னான். மீன் கடைக்குப் போனா, "இவங்கதான் எனக்கு உசுரு குடுத்த அக்கா"ன்னு மீன்காரர்கிட்ட இந்தியில சொல்லுவான். அந்த வங்காளி மனுசன் கத்தியைக் கீழ வச்சுட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிடுறார். எனக்கு எங்க போய் மூஞ்சியை வச்சுக்கிறதுன்னு தெரியல.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமைச் சாப்பாடுதான் பொறுக்கல. எது போட்டாலும் "நல்லா இருக்குக்கா". அவனுக்கு உப்பு குறைச்சுப் போடணும், சரி. ஒருநாள் வேணும்னே உப்பே போடாம, புளியை மட்டும் கரைச்சு ஊத்தி வச்சேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு என்னைப் பாத்தார். இவன் வழிச்சுச் சாப்பிட்டுட்டு, "நல்லா இருக்குக்கா"ங்குறான்.

இன்னொண்ணு சொல்றேன். நாங்க சின்னப் பிள்ளைகளா இருந்தப்ப எங்க அப்பாவோட படகுக் கயிறு அவுந்து, படகு கடலோட போயிருச்சு. அவுத்தது நீதான்னு அவன், நீதான்னு நான், நாப்பது வருஷமா நடந்த வழக்கு அது. போன ஈஸ்டர் அன்னைக்குப் பேச்சுக் குடுத்துப் பாப்போம்னு அதை எடுத்தேன். அவன் சாந்தமா, "நான்தான்க்கா அவுத்தேன், தப்பு என்மேலதான்"னான். அவுத்தது நான். எனக்கு அது நல்லாத் தெரியும். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

"சண்டை இல்லாம நிம்மதியா இருந்தா உனக்கு ஆகாதா?"ன்னு கேட்டார் வீட்டுக்காரர். ஆகாது. நான் கிட்னி குடுத்தது தம்பி வேணும்னு. கிடைச்சது ஒரு மரியாதையான விருந்தாளி. இனி சாகுற வரைக்கும் இவன் இப்படியே தலையாட்டிக்கிட்டே இருந்துருவானோன்னு எனக்கு நெஜமாவே பயமா இருந்துச்சு.

கிட்னி குடுத்தவங்களும் வருஷா வருஷம் டெஸ்டு எடுக்கணும். முதல் வருஷம் எடுத்தேன். அடுத்த வருஷம் அங்கன்வாடியில இன்ஸ்பெக்ஷன், லீவு கிடைக்கல. அப்புறம் மழை. அப்புறம் சோம்பேறித்தனம், அதையும் சொல்லிரணும். தம்பி கேட்டப்ப, "எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்"னு ஒரு பொய்யை விட்டேன். இவனும் தன்னோட ரிப்போர்ட்டை வாங்கப் போன இடத்துல, அக்காவோட ரிப்போர்ட்டுக்கும் ஒரு காப்பி குடுங்கன்னு கேட்டிருக்கான். அப்படி யாருமே வரலையேன்னு சொல்லிட்டாங்க. பின்னால எடுத்த டெஸ்டு நல்லபடியாத்தான் வந்துச்சு, கவலைப்படாதீங்க.

புதன்கிழமை மத்தியானம். நான் முத்தத்துல பாக்கு அள்ளிக்கிட்டு இருந்தேன். என் வீட்டுக்காரர் சாக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். இவன் மாஸ்க்கைத் தாடையில இறக்கி விட்டுக்கிட்டு வேகமா வர்றான், பின்னாலயே அவன் பொண்டாட்டி ஓடி வருது.

"ரிப்போர்ட் எங்க?"

"உள்ள எங்கயோ கிடக்கும்."

"பொய் சொல்லாத. நீ போகவே இல்ல. திமாக் கராப் ஹோ கயா க்யா?" மூளை கெட்டுப்போச்சாங்குறான். கோவம் தலைக்கேறினா அவனுக்கு இந்திதான் வரும். கேட்டு எத்தனை நாளாச்சு. "உனக்கு மிச்சம் இருக்குறது ஒண்ணு. அதையும் கெடுத்துக்கிட்டு என்னைப் பாவியாக்கப் பாக்குறியா? படிச்சவதானே நீ? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பாத்து எழுதுற, உன் உடம்பைப் பாக்கத் தெரியாதா?"

தப்பு என்மேலதான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் தன்னால கிளம்பிருச்சு.

"என் உடம்பு, என் இஷ்டம். கேக்குறதுக்கு நீ யாருல?"

"யாரா? உன்னோடதுல பாதி என்கிட்ட இருக்கு, அதான் கேக்குறேன்."

"அப்படியா? அப்ப குடு. குடுத்ததைத் திருப்பிக் குடுல."

சொல்லிட்டேன். குடுத்தவ வாயில இருந்து வரவே கூடாத வார்த்தை. வீட்டுக்காரர் சாக்கை விட்டுட்டார், பாக்கு முத்தமெல்லாம் ஓடுது. தம்பி பொண்டாட்டி "மதினி"ன்னு மட்டும் சொல்லிட்டு நின்னுருச்சு. அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம் அடிவயித்துல கிட்னி வச்ச வலது பக்கத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு ஒரு எட்டு பின்னால போனான்.

"தர மாட்டேன்"னான். "இது என்னோடது."