வெண்டைக்காய்ப் பூ அச்சு

வாழ்த்து அட்டையில் ஐந்து சொற்களுக்கு மேல் எழுதாமல், உறையையும் ஒட்டாமல் அனுப்பினால்தான் குறைந்த தபால் கட்டணம் என்பது அக்கால விதி. இன்று வெண்டைக்காய் நறுக்கும்போது எழுந்த பச்சை வாசனையில், ஒதியம்பட்டு வீட்டுச் சமையற்கட்டும், காய்த்துண்டைச் சிவப்பு மையில் தோய்த்து நான் பொங்கல் அட்டையில் பதித்த பூக்களும், அம்மா ஓரங்களில் ஒட்டிய பூப்போட்ட ஜிகினாத்தாளும் நினைவில் திரும்பின. அந்த வீடு இப்போது மனைப்பிரிவு. தானே விரும்பியவரை மணந்துகொண்டு போன அக்காவின் பெயரை வீட்டில் உச்சரிக்க அப்பா தடைசெய்திருந்தார், மேல்முறையீடு கிடையாது. அந்த அட்டை அவளுக்குத்தான்.

"அஞ்சு வார்த்தைதாம்மா எழுதலாம்."

"பெத்தவளுக்கு அது போதுமாடி? 'அப்பாவ நான் பாத்துக்கறேன், புள்ளைய தூக்கினு வூட்டுக்கு வா'ன்னு எழுது."

எழுதினேன். அம்மா சோற்றுப் பருக்கையால் உறையை இறுக ஒட்டினாள். பொங்கல் போயிற்று, பதிலில்லை. கைக்குழந்தையோடு அக்காவே வாசலில் வந்து நின்றது மாசி மகத்தன்று.