கட்டைவிரல் கேட்கும் கருவி

செவ்வாய் மாலை. பாறை ஏறும்போது கட்டிக்கொள்ளும் சிவப்பும் நீலமுமான இரண்டு மெல்லிய கயிறுகளைக் கழுவுவதற்காகக் குளியல் தொட்டியில் போட்டு நான் அமுக்கினேன். அம்மா வெளியே இழுத்து, விரலிடுக்கில் விட்டுத் தடவிப் பார்த்தாள். உள்நூல் நைந்திருந்தால் கைக்குத் தெரிந்துவிடும் அவளுக்கு. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மாவின் பெயர் ஹெர்த்தா. வயது எழுபத்தொன்று. கனடாவில் கேன்மோர் என்ற எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சுண்ணாம்புப் பாறைகளில் தோழி லியோனா ஏறுவாள். கீழே நின்று கயிறு பிடிப்பது அம்மா. பாறை கோணலாகப் போனால் ஒற்றைக் கயிறு உரசி மாட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு, ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. பிடிப்பவர் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே மற்றதை வாங்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் அம்மா வாசல் பனியில் வழுக்கி விழுந்தாள். அதன்பின் வலக்கையின் கடைசி மூன்று விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கயிற்றை நிறுத்த அவள் வைத்திருந்த பழைய குழாய்க் கருவிக்குக் கையின் பிடிதான் எல்லாம். மலையேற்றக் கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ராஸ், ஏறுபவர் விழுந்தால் கயிற்றைத் தானாகப் பூட்டும் கருவி இல்லாவிட்டால் இனிக் கயிற்றைத் தொடக் கூடாது என்றார். "ஹெர்த்தா, பேசாம கீழ உக்காந்து காபி ஊத்திக் குடுங்களேன்" என்றும் சொன்னார்.

"உன் காபிய நீயே ஊத்திக்கோ" என்றாள்.

கருவிகளைச் சோதிக்கக் கார் கொட்டகையின் உத்தரத்தில் கப்பி மாட்டி, குளிர்கால டயர்களைக் கட்டி விழவிட்டோம். பழைய குழாயில் டயர்கள் தரைக்கு வந்துவிட்டன. அம்மா வாதாடவில்லை, அதைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். உடற்பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் வைத்திருக்கும் நெம்புகோல் கருவியில் ஒரே ஒரு தடித்த கயிறுதான் போகும். நான் இயந்திரப் பொறியாளர். இரட்டைக் கயிற்றுக்கென்று ஒன்று தேடி வாங்கினேன். டயரை நிறுத்தியது. ஆனால் பாறையில், சிவப்பைக் கொடுத்தால் நீலமும் சேர்ந்து பூட்டியது.

"கயித்த விடுடி, நான் என்ன உன் வீட்டு நாயா?" என்று மேலிருந்து கத்தினாள் லியோனா.

மூன்றாவது, எஃகில் செய்த சின்னக் கருவி. முன்னால் ஒரு வளையம். கட்டைவிரலை விட்டுத் தள்ளினால் கயிறு ஓடும், விட்டால் கவ்வும். அம்மாவின் கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெல்லிய கயிறு இரண்டையும் தனித்தனியே விட்டு வாங்கினாள். டயர்கள் அந்தரத்தில் நின்றன.

ராஸ் அப்போதும் முடியாது என்று தலையை ஆட்டினார். டயர் வேறு, ஆள் வேறு என்றார்.

"சரி. ஏறு. ஏறிட்டு விழு" என்றாள் அம்மா.

சனிக்கிழமை, கழகமே பார்த்துக்கொண்டிருக்க, ராஸ் ஏறினார். சொல்லாமல் கையை விட்டார். அவர் எடையில் பாதிதான் அம்மா. அவள் கால் தரையை விட்டு எழும்பியது. கயிறு நழுவவில்லை. அந்தரத்தில் ஆடியபடியே கேட்டாள்:

"எறக்கட்டுமா, இல்ல பாதுகாப்புக் கூட்டத்த அங்கேயே நடத்துறியா?"

இறங்கியதும் அவர் தாழ்ந்த குரலில், தனக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்றார். வியாழக்கிழமை கால்கரி போகும்போது வாங்கி வருவதாக அம்மா ஒப்புக்கொண்டாள்.

கயிறு கழுவிய மறுநாள், புதன் காலை, அம்மா எழவில்லை. தூக்கத்தில் இதயம் நின்றிருந்தது.

அடக்கம் முடிந்து ராஸ் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் அவருக்கு எதிரே, கொக்கியில் அம்மாவின் கருவி. அதைப் பார்த்தார், தனக்குத் தரச் சொல்லிக் கேட்கவில்லை. நான் அதைக் கழற்றி, எனக்கென்று என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.