வீட்டுக்குன்னு ஒரு தனிப் பாத்தி

மகளுக்கு ரத்தம் கம்மியாம். அஸ்தம்பட்டி டாக்டரம்மா காலையில ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "தினமும் உருளைக்கிழங்கு வறுவலே குடுக்காதீங்க. சிவப்பு, பச்சை, ஊதான்னு தட்டுல நாலு நிறம் இருக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சத்து."

நேரா உழவர் சந்தைக்கு ஓடினேன். பீட்ரூட், கேரட், முருங்கைக்கீரை, கத்திரிக்காய், கொய்யான்னு பை நிறைஞ்சிருச்சு.

கடைசியா தக்காளி. ஒரு சொத்தை இல்லாம பளபளன்னு இருந்துச்சு. அதைப் பார்த்ததும் ஏனோ பயம் வந்து, விக்கிற அண்ணன்கிட்ட கேட்டேன்: "உங்க ஊட்லயும் இதைத்தானுங்க சமைப்பீங்க?"

அவரு தராசைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "இல்லீங்க அம்மணி. ஊட்டுக்குன்னு தனியா ஒரு பாத்தி போட்டிருக்கறமுங்க. அதுக்குப் பூச்சி மருந்து அடிக்கறதில்லீங்க."

"அப்ப எம் புள்ளைக்கு மட்டும் மருந்து அடிச்சதுங்களா?"ன்னு கேக்க வாயெடுத்தேன்.

கேக்க முடியல. நாமக்கல் பக்கம் எங்க அண்ணன் தோட்டத்துலயும் அப்படி ஒரு பாத்தி இருக்குது. ஊருக்குப் போறப்பெல்லாம் அதுலதான் பறிச்சு எனக்குக் கட்டிக் குடுப்பாரு. மிச்சத் தோட்டத்துக் காய் யார் ஊட்டுக்குப் போகுதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்ப மூணாவது தடவையா உப்புத் தண்ணியில தக்காளியை அலசிட்டு இருக்கேன்.

இந்த வாரம் நாமக்கல் தக்காளி வாங்கினவங்க யாராவது இங்க இருந்தா, நீங்களும் மூணு தடவை கழுவிருங்க. எங்க அண்ணன் தோட்டத்துக் காயா இருந்தாலும் இருக்கும்.