இன்னும் ஒரு பூச்சு

வலது கன்னத்தைப் புல்லில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குப்புறப் படுத்திருக்கிறார் டைல்ஸ்காரர். காலையில் அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் தினமும் பார்க்கும் காட்சி இது. தெருவுக்குப் புதிதாக வந்த கொரியர்காரர் ஒருமுறை பதறிப்போய், பார்சலைப் போட்டுவிட்டு ஓடி அவரைப் புரட்டினார். "உயிரோடதான் இருக்கேன். காலை எடுப்பா, புல்லு மேல நிக்கறே" என்றார் டைல்ஸ்காரர்.

வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பள்ளங்களில் மட்டும் நிழல் தங்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் படுக்கை. நிழல் தங்கிய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு சிட்டிகை சுண்ணாம்புத்தூளை வைத்துவிட்டு, கன்னத்து மண்ணோடு காப்பி குடிக்கப் போவார்.

வாழ்நாளெல்லாம் வீடு வீடாகத் தரை போட்டவர். யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களை விசாரிப்பதற்கு முன் தரையை விசாரித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரனான என்னைப் பார்க்க முதல்முறை வந்தபோது, குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியைக் கூடத்தில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். "ரெண்டு நூல் வாட்டம். எவன் போட்டான் இதை?" என்றார். மீதிப் பாதியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தரையைத் துடைத்தது நான்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசல் புல்தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. சொந்த வீட்டு வேலைதானே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் அவர் மனைவி, எதிர்வீட்டில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் புல்தரையைக் கடந்து போகும்போது பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. "ஊருக்கெல்லாம் சொட்டுத் தண்ணி தேங்காம தரை போட்டுக் குடுத்தேன் தம்பி. என் வாசல்ல என் பொண்டாட்டி விழுந்தா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் கீழே பார்க்கவில்லை. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

உடனே வேலையில் இறங்கினார். மண்ணும் மணலும் மட்கிய எருவும் வண்டியில் வந்து இறங்கின. தொழில் புத்தி விடுமா? எல்லாப் பள்ளங்களையும் ஒரே மூச்சில் நிரப்பி, நீள அலுமினியப் பட்டையால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. தெருவே வந்து பார்த்து மெச்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குங்க. புல்லு எங்க?" என்று கேட்டார்.

புல் அடியில் இருந்தது. அதன்பிறகு அது வெளியே வரவில்லை.

நர்சரிக்காரரிடம் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு தடவைக்கு அரை விரல் கனம்தான் போடலாம், புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும், அது மண்ணைத் தாண்டி ஏறி வந்த பிறகுதான் அடுத்த பூச்சு. புதுப் புல் நட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்போதெல்லாம் கலவையைச் சலித்துத் தூவுகிறார், பட்டையால் இழுக்கிறார், பிறகு குழந்தைக்குத் தலை வாருவதுபோல் துடைப்பத்தால் தடவி நுனிகளை வெளியே எடுத்துவிடுகிறார். அப்புறம் காத்திருக்க வேண்டும். அதுதான் அவருக்கு வராத வேலை. "சிமெண்டுன்னா மறுநாளே கெட்டியாயிடும். இது அது பாட்டுக்கு எப்பவோ வருது" என்று என்னிடம் குறைப்படுவார், புல் என்னவோ என் மச்சான்போல.

பேசாமல் கல் பதித்துவிடலாமே என்று கேட்டேன். "மறுபடி விழுந்தான்னா? கல்லு எலும்பை நொறுக்கிடும் தம்பி. புல்லுதான் மெத்துனு இருக்கும்" என்றார்.

என் கண்ணுக்கு அந்தத் தரை எப்போதோ சமமாகிவிட்டது. அவர் மட்டும் சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் மதிலோரம் போட்ட ஒற்றைப் பலகை மேல் சர்க்கஸ்காரர்போல் வர வேண்டும். அவர் மனைவிக்கு அது முடியாது. வீட்டுக்குள்ளேயே, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே போவார், வருவார். அக்காவும் தங்கையும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கத்திப் பேசுவதால், அவர்கள் குடும்ப விஷயம் அத்தனையும் எங்களுக்குத் தெரியும். "இப்படியே உள்ளயே இருந்தீங்கன்னா கால் நடையை மறந்துடும்மா. அப்புறம் சக்கர நாற்காலிதான்" என்று டாக்டர் சொன்னதும் அப்படித் தெரிந்ததுதான். எப்போது கயிற்றை அவிழ்ப்பீர்கள் என்று டைல்ஸ்காரரிடம் கேட்டால், "இன்னும் ஒரு பூச்சு" என்பார். போன மழைக்கு முன்னாலும் அதைத்தான் சொன்னார். மனிதருக்குப் பயம். அதை மண்ணைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் புல்லில் படுத்திருந்தார். நான் பலகை மேல் நின்றிருந்தேன். அவர் மனைவி வளைந்த பிடியுள்ள கைத்தடியோடு படியிறங்கி வந்தார். கயிற்றின் முடிச்சை நிதானமாக அவிழ்த்துக் கீழே போட்டார். புல்லில் கால் வைத்தார்.

"ஏய், ஏய், அங்கயே நில்லு! இன்னும் காயல!"

"புல்லு எங்கங்க காயும்?" என்றார் அந்தம்மா, நிற்காமல்.

டைல்ஸ்காரர் எழுந்து ஓடினார். தடி ஊன்றிய இடமெல்லாம் ஒரு சின்னக் குழி. அவர் ஒரு குழியைப் பார்த்தார், மனைவியின் காலைப் பார்த்தார், அடுத்த குழியைப் பார்த்தார். பாதி தூரத்தில் அந்தம்மா லேசாகத் தள்ளாடினார்.

"விழுந்துடப் போறே!"

"விழுந்தா எழுந்துக்கறேன். மெத்துனுதானே போட்டிருக்கீங்க."

அவர் பக்கத்தில் போய், பிடித்துக்கொள்ளட்டும் என்று வலது கையை நீட்டினார். அந்தம்மா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைத்தடியை அதில் மாட்டிவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றிருந்த கேட்டைப் பார்த்து நடந்தார்.