அறுபதில் நின்ற இரண்டு கார்டுகள்

அண்ணா விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான். ஒரே பொருளை இரண்டு பேரிடம் கேட்டு வைத்தான். ஒருவராவது மறுப்பார் என்று நினைத்திருப்பான். அம்மாவின் பக்கமும் அப்பாவின் பக்கமும் எதில் விட்டுக்கொடுத்தாலும், பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காது என்பது பதினெட்டு வயதில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

எனக்கு அப்போது பன்னிரண்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரே கிழமையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் வந்து சேர்ந்தன. கணினிக்குள் இருந்து படம் வரைவதுதான் அதன் வேலை. அது பலமானதாக இருந்தால் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். இல்லையென்றால் திக்கித் திக்கி ஓடும். அம்மாவிடம் மட்டும் அது படிப்புக்குத் தேவையான சாமான் என்று சொல்லப்பட்டிருந்தது.

கறுப்புக் கார்டைக் கட்டாரிலிருந்து வந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொண்டுவந்தார். வெள்ளைக் கார்டைச் சித்தப்பா கொழும்புக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். அவர் அப்பாவின் தம்பி, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. இரண்டும் நடுத்தர விலைக் கார்டுகள். இரண்டும் ஒன்றுதான் என்று இணையத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். மறு பாதிப் பேர் அந்தப் பாதிப் பேரைத் திட்டினார்கள். அண்ணாவின் கணினியிலோ இடம் ஒன்றுக்குத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சோதித்துப் பார்ப்பது, எது வேகமோ அது கணினியில் இருப்பது, மற்றது கொண்டுவந்தவரிடம் திரும்பிப் போவது என்று முடிவாயிற்று. நடுவர் நான். யாரும் நியமிக்கவில்லை, ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போடத் தொடங்கினேன், அவ்வளவுதான். வேகம், வெப்பம், சத்தம் என்று பத்திகள் பிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரையும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடமும் ஏறவில்லை. அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, மாமா தூரத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தவர், அதை மனதில் வைத்துக்கொள் என்றா. நான் மனதில் வைத்திருந்தது வேறு. சித்தப்பா என்னை இழுவைப் படகில் ஏற்றியவர். சக்கரத்தைப் பிடிக்க விட்டவர். வெள்ளைதான் வெல்ல வேண்டும்.

மாமா அந்த முறை வந்த வரத்தே ஒரு மாதிரி. சொக்லேட் இல்லை, சென்ட் போத்தல் இல்லை. லீவு என்றார், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் காலையில் இஸ்திரி போட்டு மினுக்கிய சட்டை போட்டு, கையில் ஒரு ஃபைலோடு, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் துறைமுகப் பக்கம் போய்வந்தார். கேட்டதற்குக் கப்பல் பார்க்கப் போனோம் என்றார். பிறந்ததிலிருந்து கப்பல் பார்த்த மனிதருக்கு ஃபைலோடு போய்ப் பார்க்க என்ன கப்பல் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு என் பத்திகள் இருந்தன. அவருடைய கார்ட் வந்த பெட்டியை யாரோ மதிலில் வைக்க, எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று அதில் பாதியைத் தின்றுவிட்டது. அதற்கு மட்டும் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

சனிக்கிழமை பின்னேரம் சித்தப்பா வந்து அண்ணாவோடு அறைக்குள் போனார். என்னை இஞ்சிச் சோடா வாங்க அனுப்பினார்கள். நான் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. திறந்தபோது கணினி சுட்டது. அண்ணா விளையாடியிருக்கிறான் என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. கேமில் ஒரு சந்தைத் தெரு இருந்தது. நூறு பேர் நடமாடுவார்கள், கோழி பறக்கும், புகை எழும்பும். அந்தத் தெருவில் மூன்று நிமிடம் ஓடுவதுதான் சோதனை. ஒரு செக்கனுக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைத் திரையின் மூலையில் ஒரு எண் காட்டும். முதலில் வெள்ளை. அறுபது. அண்ணா கழற்றி மாற்றினான். கறுப்பு. அதுவும் அறுபது. கூடவில்லை, குறையவில்லை.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பா, இதுக்கோ இவ்வளவு பாடு என்று பேப்பருக்குத் திரும்பினார். சித்தப்பா மாமாவின் தோளில் தட்டினார்.

"பார்த்தீங்களோ மச்சான், ரெண்டும் ஒண்டுதான். முதல் வந்தது இருக்கட்டும். என்ரைய நான் கொண்டுபோறன்."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நண்டுக் கறி. எனக்கு இறங்கவில்லை. ஓடி முடித்த பிறகு கேமில் ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. வெறும் நீலம், ஒரு பறவைகூட இல்லை. அப்போதும் மூலையில் அறுபது. நூறு பேரை வரையும்போதும் அறுபது, ஒன்றுமே இல்லாததை வரையும்போதும் அறுபதா? தம்பலகாமத்து வீதியில் முன்னால் உழவு மெஷின் போனால் பின்னால் வருகிற காருக்கும் லொறிக்கும் ஒரே வேகம்தான். இங்கேயும் ஏதோ ஒன்று முன்னால் போகிறது.

பாதிச் சோற்றில் எழும்பிக் கைகழுவிவிட்டு அறைக்குள் ஓடினேன். கேமின் தெரிவுகளுக்குள் கிண்டினேன். இருந்தது. மொனிட்டருக்கு ஏற்றபடி படங்களை மட்டுப்படுத்தும் ஒரு பூட்டு. அது போட்டிருந்தால் கார்டுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் அறுபதுக்கு மேல் போகாது. எடுத்துவிட்டேன். கறுப்பு, எழுபத்தொன்று. ஸ்குரூவைக் கழற்றி, வெள்ளையைச் செருகினேன். நூற்றுநாலு.

கொப்பியோடு ஓடி வந்து மேசை முன்னால் நின்றேன்.

"பிழை நடந்திருக்கு. மாமாவின்ரை எழுபத்தொண்டு. சித்தப்பாவின்ரை நூற்றுநாலு. ஆரோ பூட்டைப் போட்டிட்டு எடுக்க மறந்திட்டினம்."

அண்ணா நண்டுக் காலைச் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்க்கலாம் என்றா அம்மா. நான் விடவில்லை. வந்து பாருங்கள், இப்பவே பாருங்கள் என்று கறிக் கையோடு எல்லாரையும் அறைக்குள் கூட்டிப்போனேன். மாமாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கதிரையும் இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. குனிந்து மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். கொப்பியை வாங்கி அதையும் பார்த்தார்.

"பிள்ளை சரியாத்தான் பார்த்திருக்கு," என்றார். "வெளிக்கிடுற அவசரத்தில வாங்கினது."

மச்சான், நம்பரில் என்ன இருக்கிறது என்று சித்தப்பா தொடங்கினார். மாமா தலையசைத்துச் சிரித்தபடி மேசையில் கிடந்த கறுப்புக் கார்டை எடுத்தார். வைக்கப் பெட்டியைத் தேடினார். பெட்டியில் பாதி மானின் வயிற்றுக்குள் போய்விட்டதே. தன் அறைக்குள் போய், கட்டாரிலிருந்து பெட்டியைச் சுற்றிக்கொண்டுவந்த துவாயை எடுத்துவந்து, அதற்குள் சுற்றினார்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். வென்றவர் அவர், வெல்ல வைத்தவள் நான். எப்போதும் என்னை 'நீங்கள்' என்றே கூப்பிடுகிற அந்த மனிதர் சொன்னார்:

"சாப்பிட்டிட்டுச் சும்மா இருக்க ஏலாதோ உனக்கு?"

மறுநாள் காலை வாசலில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு முறை ஹோர்ன் அடித்தது. மினுக்கிய சட்டை அலுமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அறையை விட்டு வெளியே வரவில்லை. சைக்கிள் தனியாகப் போயிற்று. புதன்கிழமை மாமா கொழும்பு பஸ் ஏறினார். லீவு முடிந்துவிட்டது என்றா அம்மா. விமான நிலையம் அந்தப் பக்கம்தானே, எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது. சித்தப்பாவோடு மட்டும் ஒரு மாதம் கதைக்கவில்லை. ஒருவரை வெல்ல வைத்தால் அவருக்குக் கோபம் வரும் என்று நான் படித்த எந்த ஒப்பீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

போன வருடம் எனக்கென்று பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினி பூட்டினோம், அண்ணாவும் நானும். பூட்டைப் போட்டுவிட்டு மறந்த ஆள்தானே நீ என்று அவனைச் சீண்டினேன். அவன் ஸ்குரூவை இறுக்கிக்கொண்டே சொன்னான்.

"நான் மறக்கேல்ல. சித்தப்பா போடச் சொன்னவர்."

சனிக்கிழமையே இருவரும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எது வேகம் என்று தெரிந்துதான் இருந்தது. கட்டார் வேலை போய் மாமா திரும்பி வந்திருந்ததும் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தன்னுடைய இடத்திலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்து, மாமாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். எல்லார் முன்னாலும் தோத்தா மச்சான் என்னோட வேலைக்கு வரமாட்டார், ரெண்டையும் ஒண்டாக் காட்டு, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போதும் என்றாராம். மாமா பிறகு கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கறுப்புக் கார்ட் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

"இன்னொண்டு," என்றான் அண்ணா. "அந்தப் பழைய மொனிட்டர் ஒரு செக்கனுக்கு அறுபது படத்துக்கு மேல காட்டாது. பூட்டு இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

கொப்பியில் மொனிட்டருக்கு நான் ஒரு பத்தி போட்டிருக்கவில்லை. சித்தப்பாவின் வெள்ளைக் கார்ட் அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தத் திரையில் ஓடியது. மூலையில் நூற்றுநாலு என்று எழுதிக்கொண்டு, கண்ணுக்கு அறுபதைக் காட்டிக்கொண்டு.