வால்வு அண்ணனின் மூன்று தொட்டிகள்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். குழாய் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அது இல்லை. அவரிடம் எதைச் சொன்னாலும் உள்ளே போகும், பதிலாக ஒன்றும் வெளியே வராது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வால்வு. பெயரை வைத்ததே அவர் மனைவிதான். "இவர்கிட்ட பேசறதுக்கு சுவர்கிட்ட பேசலாம். சுவராவது எதிரொலிக்கும்" என்று ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே பெயர் எல்லா மாடிக்கும் பரவிவிட்டது.

அவர் வேலை செய்த இடம் கட்டடத்தின் அடித்தளம். ஜன்னல் கிடையாது. கனமான கதவு, கான்கிரீட் சுவர், உள்ளே மூன்று பெரிய தொட்டிகள், கதவுக்கு வெளியே தொட்டி எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் மூன்று முள் காட்டிகள். மேல்மாடியில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு வார்டு இருந்தது. அந்த அறைகளின் கழிப்பறைத் தண்ணீர் ஊர்ச் சாக்கடைக்குப் போகாது, நேராக இந்தத் தொட்டிகளுக்கு வரும். ஏனென்றால் அந்த வார்டில் கொடுக்கிற மருந்து லுட்டீசியம்.

அரிய மண் உலோகங்கள் என்று ஒரு குடும்பம் உண்டு. அதில் எல்லோரையும் விடக் கனமானது லுட்டீசியம். சாதாரண நிலையில் சாதுவான உலோகம். அணு உலையில் வைத்து எடுத்தால் கதிர் வீசத் தொடங்கும். அதை மருந்தோடு கோத்து ஊசியில் ஏற்றினால் உடம்புக்குள் கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு அதைச் சுடும். ஒட்டாத மிச்சமெல்லாம் ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். அந்த மிச்சம்தான் வால்வு அண்ணனின் பொறுப்பு.

பொறுப்பு என்றால் அதை ஒன்றும் செய்யக்கூடாது என்பதுதான். வடிகட்ட முடியாது, கொதிக்கவைத்துக் கொல்ல முடியாது. மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் பாதியாகும், அடுத்த வாரத்தில் அந்தப் பாதியிலும் பாதி, இப்படியே தேய்ந்து அடங்கும். அளவு பார்க்கிற அதிகாரி சம்மதித்த பிறகுதான் தொட்டியைத் திறந்துவிடலாம். அந்த அதிகாரி ஒரு பெண். கையில் எப்போதும் கதிர் அளக்கும் மீட்டரோடு நடப்பதால் மீட்டரம்மா.

வந்த புதிதில் வால்வு அண்ணன் அவளிடம் வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூன்றாம் தொட்டி ஏன் அடங்கவே மாட்டேன் என்கிறது?

"அண்ணே, லுட்டீசியத்துல ரெண்டு உண்டு. எடை ஒண்ணு, பேர் ஒண்ணு, குணம்தான் வேற. ஒண்ணு சொன்ன நாள்ல கிளம்பிடும். இன்னொண்ணு பாதியாகவே அஞ்சு மாசத்துக்கு மேல எடுத்துக்கும். முன்னாடி வாங்கின மருந்துல அந்த ரெண்டாவது கொஞ்சூண்டு கலந்திருந்துச்சு."

"விருந்துக்கு வந்துட்டு வீட்டோட தங்கிட்ட மாதிரி."

"அதேதான். மூணாவதைப் பூட்டிட்டு மறந்துடுங்க."

பூட்டினார். மிச்சம் இருந்த இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றி ஓட்டினார். ஒன்று நிரம்பும்போது மற்றது அடங்கும். கணக்கு பிசகாமல் ஓடியது.

இந்த வேலையைக் கேலி செய்ய ஒரே ஒருவன்தான் இருந்தான். மனைவியின் தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்கக் குழந்தைகளோடு கத்திக் கத்தி வாய் நீண்டுபோனவன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே தொடங்கிவிடுவான்.

"மாமா, இன்னிக்கு மூத்திரம் பத்திரமா இருந்துச்சா? யாரும் திருடலையே?"

வால்வு அண்ணன் செய்தித்தாளைத் திருப்புவார். "அவர் பாட்டுக்கு இருக்கார், ஏன்டா சீண்டற?" என்று அக்கா அதட்டுவாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்குக் குடலில் ஒரு கட்டி. கத்தி வைத்து எடுத்தார்கள், மிச்சம் ஈரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு லுட்டீசியம் என்றார். தேதி வியாழக்கிழமை.

"மாமா, கடைசியில உங்க கம்பெனிக்கே கஸ்டமரா வர்றேன்" என்றான் மச்சினன். அன்றைக்கும் சிரித்தான். அக்காவுக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை வால்வு அண்ணன் அடித்தளத்துக்கு இறங்கினார். முதல் தொட்டியின் முள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. திங்களன்று வார்டில் சேர்ந்தது ஒரே ஒரு நோயாளி. ஓர் ஆள் ஒரு நாளில் இவ்வளவு தண்ணீர் விட வழியே இல்லை.

மீட்டரம்மா வந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ரெண்டாவது தொட்டியைச் சனிக்கிழமைக்கு முன்னாடி திறக்க முடியாது அண்ணே. முதல் தொட்டி சிவப்பைத் தாண்டினா வார்டை மூடணும். வியாழக்கிழமை அட்மிஷன் நடக்காது."

"மருந்து?"

"வெளியூர்லேர்ந்து கிளம்பிடுச்சு. அது வர வரத் தேஞ்சுட்டே இருக்கும். எடுத்து வச்சு அப்புறம் போடலாம்னு நினைக்காதீங்க. அடுத்த முறை எப்போன்னு எனக்கே தெரியல."

வியாழக்கிழமை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். முள்ளை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை வீட்டில் மனைவி ஒரு பையில் தம்பிக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்ப வீட்டுக்கு வரக்கூடிய பொருள் என்று எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பழசிலும் பழசாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சட்டை போதுமா?"

தலையாட்டினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"பொய். ஒண்ணுமில்லைன்னா நீங்க ஒண்ணுமில்லைன்னு கூடச் சொல்ல மாட்டீங்க."

அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒழுகல் தேடப் புறப்பட்டார். அவர் சந்தேகம் தம் மீதேதான். போன மாதம் அந்த வார்டில் ஒரு புது வால்வு பொருத்தியது அவர். அது சரியாக அடைக்காமல் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வார்டுக்குக் கீழ்மாடியில் கூரையை மறைத்திருந்த பலகைகளைக் கழற்றினார். குழாய் நெடுகத் தடவினார். இணைப்பு இணைப்பாகக் காகிதத்தை வைத்துப் பார்த்தார். எல்லாம் சருகாகக் காய்ந்திருந்தது. தரையில் கொட்டிக் கிடந்த தூசியைப் பார்த்துச் சுத்தம் செய்கிற பெண், "இத யாரு கூட்டறது? உங்க மாமியாரா?" என்று சண்டைக்கு வந்தாள். வால்வு அண்ணன் துடைப்பத்தை வாங்கித் தாமே கூட்டினார்.

கூட்டி முடித்து ஏணியில் உட்கார்ந்தபோதுதான் கேட்டது. தலைக்கு மேலே குழாயில் தண்ணீர் தடதடவென்று இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. மறுபடியும். பிறகு குழாயைத் திறந்துவிட்டாற்போல ஒரே சீராக நெடுநேரம் ஓடியது. இது ஒழுகல் இல்லை. ஒழுகலுக்கு மூச்சு வாங்கத் தெரியாது. மேலே யாரோ பாடுபட்டு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாடியேறி அந்த நோயாளியைப் பற்றி நர்ஸிடம் கேட்டார்.

"அந்த அம்மாவா? தங்கமான பேஷண்ட் அண்ணே. கூப்பிடறதே இல்ல, தொந்தரவே இல்ல. நாள் பூரா பாத்ரூம்லதான் இருக்காங்க. வயித்துக்கு முடியலையான்னு கேட்டேன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாங்க."

"என்ன வேலை பாக்கறவங்க?"

"சலவைக்கடை வச்சிருக்காங்களாம். ஏன்?"

வால்வு அண்ணன் சுவரில் இருந்த பேசும் கருவியைக் காட்டினார். உள்ளே போய்ப் பேசக்கூடாது, அதன் வழியாகத்தான் பேசலாம். நர்ஸ் ஆச்சரியத்தோடு பொத்தானை அழுத்திக் கொடுத்தாள். அவர் தாமாகப் பேசக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"அம்மா, நான் குழாய்க்காரன். உள்ள என்னம்மா பண்றீங்க?"

"சுவரைத் தேய்க்கறேன் தம்பி. துணியெல்லாம் அலசிட்டேன். ரெண்டு தடவை தண்ணி விடச் சொன்னாங்க. ரெண்டு எந்த மூலைக்கு? நான் அழுக்குப் போற வரைக்கும் விடறவ. வீட்ல கைக்குழந்தை இருக்கு, ஒரு சொட்டுகூட ஒட்டிக்கிட்டு வரக்கூடாதில்ல?"

"அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நினைக்கறீங்க?"

"சாக்கடைக்கு. வேற எங்க?"

"இல்லம்மா. எங்கேயும் போகல. கீழ என்கிட்டதான் இருக்கு."

கருவியில் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாமேவா?"

"திங்கட்கிழமையிலேர்ந்து எல்லாமே."

"ஐயையோ! மானம் போச்சே! முன்பின் தெரியாத மனுஷன் தலையில கொட்டிட்டு இருந்தேனா?"

"தலையில இல்லம்மா, தொட்டியில. ஆனா தொட்டி நிரம்பப் போகுது. நிரம்பிட்டா நாளைக்கு வர்றவரைச் சேர்க்க மாட்டாங்க. அது என் மச்சினன்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். சலவைக்கடை அம்மா விவரம் தெரிந்தவள். அழவில்லை, மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்கவும் இல்லை. தொழில் கேள்வி கேட்டாள்.

"சரி, கழுவினா போகாதுன்னா இது எப்படித்தான் போகும்?"

"தானாத்தான் போகும். முதல்ல வேகமா, அப்புறம் மெதுவா. காத்துட்டு இருக்கணும்."

"அப்படின்னா இது துவைக்கற வேலை இல்ல, காயப் போடற வேலைன்னு முதல்லயே சொல்லக்கூடாதா? கொடியில போட்ட துணியைப் போய் மறுபடி நனைச்சா காயுமா? இத ஒருத்தரும் சொல்லல பாரு!" கருவி வழியாக ஏதோ உதறுகிற சத்தம் கேட்டது. "இந்தா, குழாயை மூடிட்டேன். ரெண்டு தடவை, அவ்வளவுதான். உன் மச்சினனை வரச் சொல்லு."

அன்று முழுவதும் முள் கிட்டத்தட்ட அசையவில்லை. வியாழக்கிழமை காலை மீட்டரம்மா அளவைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஓர் ஆளுக்கு மட்டும் இடம் இருந்தது. அதுவும் கட்டுசெட்டாக இருந்தால். சனிக்கிழமைவரை தாங்கும் என்று கையெழுத்துப் போட்டாள். சலவைக்கடை அம்மா கிளம்பிப் போன அறையைத் தவிர்த்து அடுத்த அறையில் மச்சினனைச் சேர்த்தார்கள். மருந்து ஏறியது. கதவு மூடியது.

வால்வு அண்ணன் கீழே போய் முள்ளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மதியம் போனது. முள் அசையவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது. நேற்று அசையாதே என்று வேண்டிக்கொண்ட முள்தான். இன்று ஏன் அசையவில்லை என்று விரலால் தட்டிப் பார்த்தார். மருந்து ஏறினால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி போக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் உள்ளேயே தங்கிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அவன்கிட்ட பேசினேன். சூப்பரா இருக்கேன்கறான். அவன் பேச்சை விடுங்க, மூச்சு நின்னாலும் அவன் ஜோக்தான் அடிப்பான். உங்க தொட்டி என்ன சொல்லுது?"

"கொஞ்சம் இரு" என்று வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். பொத்தானைத் தாமே அழுத்தினார்.

"டேய், தண்ணி குடிச்சியா?"

"குடம் குடமாக் குடிச்சேன் மாமா."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கீழ வரல?"

"அடக்கிட்டு இருக்கேன்." குரல் நெளிந்தது. "கீழ இடம் இல்லைன்னு நர்ஸ் சொன்னாங்க. இத்தனை நாள் உங்களைக் கிண்டல் பண்ணிட்டு உங்க தொட்டியை நானே நிரப்பினா நல்லாவா இருக்கும்? சனிக்கிழமை வரைக்கும் எப்படியாவது..."

"அட மடையா!" என்று வால்வு அண்ணன் கத்திய கத்தலில் தாழ்வாரத்தில் போன டாக்டர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். "உனக்காகத்தான்டா அந்த இடத்தையே பிடிச்சு வச்சிருக்கேன்! போடா! முதல்ல போ! உக்காந்து போ! மூடியை மூடிட்டு ரெண்டு தடவை தண்ணி விடு! போனியா?"

"நீங்க நகர்ந்தாத்தானே போவேன்."

நர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் கீழே இறங்கி முடிப்பதற்குள் சுவருக்குள் குழாய் சலசலத்தது. ஒருமுறை. சற்றுப் பொறுத்து இன்னொருமுறை. முள் மெல்ல எழும்பி ஒரு நூல் மேலே போய் நின்றது.

மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"வந்துடுச்சு."

"எவ்வளவு?"

"நிறைய" என்றார். பிறகு யாரும் கேட்காமலே நடந்தது முழுவதையும் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். சலவைக்கடை அம்மாவைச் சொன்னார், கூரைப் பலகையைச் சொன்னார், மச்சினன் அடக்கியதைச் சொன்னார். அவள் நடுநடுவே சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள்.

"சரி சரி, போனை வைங்க" என்றாள் கடைசியில். "அடுப்புல பால் பொங்குது."